செண்பகத்துக்காக ஒரு மன்றாட்டு

நாவல் வாசிக்கும் பெண் கெட்டுப்போவாள் என்று எங்கள் காலத்தில் எல்லோரும் சொன்னார்கள். அப்பா சொன்னார், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை சொன்னார், வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர்கூடச் சொன்னார். ஆனால் அவள் தனியாகக் கெடமாட்டாள், ஒரு கோயில் நிறைய ஆட்களைத் தெருவில் இறக்கிவிட்டுத்தான் கெடுவாள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ட்ராமில் கொஞ்சம் மெதுவாகக் கதைத்திருப்பேன்.

(இந்த வரியை என் தோளுக்கு மேலால் எட்டிப் படித்த என் மகள் சிரிக்கிறாள். சரி, சரி, மெதுவாகக் கதைத்திருக்க மாட்டேன்தான்.)

ஐரோப்பாவில் சண்டை தொடங்கியிருந்த காலம் அது. யப்பான்காரன் இன்னும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். நான் மருதானைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என்னோடு படிப்பித்த இருவர் என் உயிர்த் தோழிகள். ஒருத்தி ரெஜினா, எங்கள் தெருக்காரி, அவள் நாக்கில் சவரக்கத்தி இருப்பதாக ஊரில் பேச்சு. மற்றவள் வெள்ளவத்தைச் சரசு. எங்கள் மூவரின் வாசிப்புக்கும் மூலதனம் சரசுவின் சித்தப்பாதான். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்தவர். மதராசிலிருந்து கப்பலில் வரும் மிளகாய் மூட்டைகளோடு சரசுவுக்கு நாவல்களையும் வரவழைத்துக் கொடுப்பார். எங்கள் கைக்கு வரும் ஒவ்வொரு நாவலிலும் மிளகாய்த்தூள் படிந்திருக்கும். கதாநாயகி கண்ணீர் விடும் இடத்தில் நாங்கள் தும்முவோம். அவள் தும்மினால் நாங்கள் அழுவோம்.

ருசியில் மூவரும் மூன்று திசை. சரசுவுக்குத் துப்பறியும் கதைதான் கதை. முதல் அத்தியாயத்தில் ஒரு பிணமாவது விழவேண்டும். அதிலும் கடைசி அத்தியாயத்தை முதலில் வாசித்துவிட்டு, கொலைகாரன் யார் என்ற நிம்மதியோடுதான் ஆரம்பத்துக்கே வருவாள். ரெஜினாவுக்குக் கதாநாயகர்கள் என்றாலே ஆகாது. "ஒருத்தன் வருவான், மழையில நனைவான், காய்ச்சல் எண்டு படுப்பான். இவள் கஞ்சி வைச்சுக்கொண்டு நிக்க வேணும். இதுக்கு நானூறு பக்கமோ?" என்பாள். ஆனாலும் ஒரு நாவலையும் விடமாட்டாள். எல்லாவற்றையும் வெறுப்பதற்காகவே முழுதாக வாசித்தாள். நானோ அழவைக்கிற எதையும் விரும்புவேன். ஒரு கைக்குட்டை நனைந்தால் நல்ல நாவல். முந்தானையும் நனைந்தால் மகா நாவல்.

அந்த வருஷம் எங்களை ஆட்டிவைத்த நாவலின் பெயர் 'செண்பகவல்லி அல்லது சிறையிருந்த சீமாட்டி'. மூன்று பாகம். இரண்டு பாகம் வந்துவிட்டது. மூன்றாவது, சண்டையால் கப்பல் தாமதமாகி எங்கோ நின்றுவிட்டது. இரண்டாம் பாகத்தின் கடைசி வரியில், மாமியார் மாடி அறையில் பூட்டிவைத்த செண்பகம், நஞ்சு கலந்த பால் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அட்டை! எழுதியவர் மனுஷன்தானா?

பள்ளிக்கூடத்தில் நாவல் கொண்டுவரத் தடை. ஆகவே மண்ணிறத் தாளில் உறை போட்டு, மேலே 'கணிதப் பயிற்சி' என்று நானே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். அந்தக் கணிதத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் விட்டு மூவரும் ட்ராமில் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த தரிப்பில் வெள்ளைச் சேலை உடுத்த ஒரு வயதான அம்மா ஏறி, எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். கையில் செபமாலை. நாங்கள் அவரைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"நான் செண்பகமாயிருந்தால் அந்தப் பாலை மாமிக்கே பருக்கியிருப்பன்," என்றாள் ரெஜினா.

"எடியே, அவளுக்கு எறும்பைக்கூடக் கொல்லத் தெரியாது. பாவமடி," என்றேன் நான். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"பாவமோ? விசரி! புருஷன் ரங்கூனுக்குப் போய் ஒரு வருஷம். ஒரு கடிதம் இல்லை. இவள் ஏன் இன்னும் அந்த வீட்டில கிடக்கிறாள்? ஜன்னலால பாய்ஞ்சு ஓட வேண்டியதுதானே."

"ஜன்னலுக்குக் கம்பி அடிச்சிருக்கினம்," என்றாள் சரசு. "எனக்கு அந்த வேலைக்காரியிலதான் சந்தேகம்."

"அவள் குடிச்சிருவாளோ எண்டு எனக்கு நித்திரையே இல்லை," என்று நான் கைக்குட்டையை எடுத்தேன்.

எதிரே இருந்த அம்மா முன்னால் குனிந்தார். "பிள்ளையள், ஆரைப் பற்றிக் கதைக்கிறியள்?"

"செண்பகத்தைப் பற்றி, அம்மா!" என்றேன். உலகத்தில் எல்லோரும் நாங்கள் வாசிப்பதைத்தான் வாசிக்கிறார்கள் என்று நினைக்கிற வயது.

"அந்தப் பெட்டைக்குத் தாய் தகப்பன் இல்லையோ?"

"தாய் செத்துப் போனா. தகப்பன் இரண்டாந்தாரம் கட்டினவர்."

"பொலிசில ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"பொலிசும் மாமியின்ட ஆக்கள்தான்," என்றாள் சரசு கசப்போடு.

"எங்க இருக்கிறாள்?"

"கடற்கரைப் பக்கம், அம்மா. மஞ்சள் மாடிவீடு. வாசலில ரெண்டு வேப்பமரம்." நாவலின் மூன்றாம் அத்தியாயம் எனக்கு மனப்பாடம்.

அந்த அம்மா நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீ அவளுக்காகவோ பிள்ளை அழுகிறாய்?" என்றார்.

"அழாமல் இருக்க ஏலுமா, அம்மா?"

அவர் என் நாடியைத் தொட்டுக் கொஞ்சினார். கண்டக்டர், "நோனா, பஹின்ன, பஹின்ன!" என்று எங்களை இறங்கச் சொல்லிக் கத்தினார். புறக்கோட்டை வந்திருந்தது. நாங்கள் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபடி இறங்கிப் போனோம்.

அந்த அம்மாவின் பெயர் அன்னம்மா. மன்னாரிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் தங்கை வீட்டில் தங்கியிருந்தார். துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்த அவருடைய மகன் சேவியருக்கு என்னைக் கேட்டு வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சேலை மாற்றி, பவுடர் போட்டு உட்காரவைத்த பெண்ணை யாரும் பார்க்கலாம், உள்ளபடி இருக்கிற பெண்ணைப் பார்க்கவேண்டும் என்று, யாருக்கும் சொல்லாமல் என்னைப் பார்ப்பதற்காகவே ட்ராம் ஏறியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று அவர் தங்கையிடம் போய், "பெட்டை கொஞ்சம் வாயாடி. ஆனால் சிநேகிதிக்காக இப்படி உருகிற மனசு ஆருக்கு வரும்?" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்தக் காலத்தில் பூசை இலத்தீனில் நடக்கும். பிரசங்கம் மட்டும் தமிழில். எங்கள் பங்குச் சுவாமியார் பிரெஞ்சுக்காரர். புத்தகத்தில் படித்த தமிழை அப்படியே பேசுவார். அன்று பிரசங்கம் முடிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"பிரியமான கிறிஸ்தவர்களே, நமது பங்கின் எல்லைக்குள்ளேயே, செண்பகம் என்னும் பெயருள்ள ஓர் அபலைப் பெண், தன் மாமியாரால் மாடி அறையில் அடைக்கப்பட்டு…"

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்! ஆகா, சுவாமியாரும் வாசிக்கிறாரே! ஒருவேளை அவரிடம் மூன்றாம் பாகம் இருக்குமோ?

ரெஜினா என் தொடையில் கிள்ளி, "ட்ராமில இருந்த அந்த அம்மா!" என்றபோதுதான் உறைத்தது. சுவாமியார் நஞ்சு கலந்த பால் வரைக்கும் வந்து, "அவள் சைவ சமயத்தவள் எனினும், அவளுக்காக உருக்கமாக மன்றாடுவோம்," என்று முடித்தார். கோயில் முழுவதும் முழங்காலில் விழுந்தது. நானும் விழுந்தேன். எனக்குத்தான் மன்றாட்டு அதிகம் தேவைப்பட்டது.

பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வாசலில் பெண்கள் திரண்டு நிற்கிறார்கள். நடுவில் வெள்ளைச் சேலை. என்னைக் கண்டதும் அன்னம்மா பாய்ந்து வந்து கட்டிப்பிடித்தார்.

"இவள்தான் அந்தப் பிள்ளை! இவளின்ட சிநேகிதிதான் செண்பகம்! மூண்டு நாளாய் நான் ஒருசந்தி, பச்சைத்தண்ணிதான். செபம் மட்டும் காணாது. நாங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வருவம். வா பிள்ளை, முன்னுக்கு நட!"

"அம்மா, அது வந்து…"

"பயப்பிடாதை. நாங்கள் இத்தனை பேர் இருக்கிறம்."

"இல்லை அம்மா, செண்பகம் எண்டு…"

"அழாதை பிள்ளை, அழாதை!"

நான் அழவில்லை. இனிமேல்தான் அழப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். அதற்குள் ஊர்வலம் புறப்பட்டுவிட்டது. என் கையை அன்னம்மா இரும்புப் பிடியாகப் பிடித்திருந்தார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். ரெஜினா கோயில் தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். (உயிர்த் தோழி!) அப்பா கூட்டத்தின் ஓரத்தில் வந்துகொண்டிருந்தார். அவர் முகத்தில் நான் முன்பு ஒருநாளும் காணாத ஒன்று தெரிந்தது. பெருமை. பக்கத்தில் வந்தவரிடம், "என்ர மகள்தான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபின் வாய் திறக்கிற தைரியம் எனக்கு அறவே போய்விட்டது.

தெருவில் போகப் போகக் கூட்டம் பெருத்தது. சாய்ப்பு ஒருவர் கடையை அப்படியே விட்டுவிட்டு, "என்ன விஷயம்?" என்று வந்தார். மாமியார் ஒருத்தி மருமகளுக்கு நஞ்சு வைத்துவிட்டாள் என்றதும், "அல்லாஹ்!" என்று அவரும் சேர்ந்துகொண்டார். ரிக்‌ஷாக்காரர்கள் வந்தார்கள். சந்தியில் நின்ற சிங்களப் பொலிஸ்காரர், "மொகத? மொகத?" என்று விசாரித்தபடி பின்னால் ஓடிவந்தார்.

கடற்கரைப் பக்கம் ஒரு மஞ்சள் மாடிவீடு இருந்துதான் தொலைத்தது. வேப்பமரம் ஒன்றுதான், ஆனால் அதை எண்ணிப்பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. ஒரு நகைக்கடைச் செட்டியாரின் வீடு அது. கதவைத் திறந்த அவருடைய மனைவி கூட்டத்தைக் கண்டு பயந்துபோனார்.

"என்னங்கம்மா இத்தனை பேரு? யாராச்சும் தவறிட்டாங்களா?"

"செண்பகத்தை வெளியில விடு!" என்றார் அன்னம்மா.

"யாருங்க செண்பகம்?"

"மேல் அறையில ஆரைப் பூட்டி வைச்சிருக்கிறாய்?"

செட்டியாரம்மா திகைத்து, "மேல் ரூமுலயா? ஊறுகாங்க," என்றார்.

"ஊறுகாயோ?"

"மாங்கா ஊறுகா. பூட்டலேன்னா எங்க வீட்டுக்காரரு எடுத்துத் தின்னுப்புடுறாரு. உப்பு ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு." உள்ளே ஈசிச்சேரில் இருந்த செட்டியார் தலையைக் குனிந்துகொண்டார்.

பொலிஸ்காரர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஜாடி மட்டுந்தான் இருக்கிறது என்று சிங்களத்தில் அறிவித்தார். ஆனால் அவருடைய மீசையில் எண்ணெய் பளபளத்ததால் அந்தச் சாட்சியை ஒருவரும் நம்பவில்லை.

"பெட்டையை எங்கயடி மாத்தினாய்?" என்று அன்னம்மா மற்றக் கையால் செட்டியாரம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினார். அந்த அம்மா ஓவென்று அழத் தொடங்கிவிட்டார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"விடுங்கோ அம்மா! செண்பகம் எண்டு ஒருத்தரும் இல்லை! அது கதை! நாவல்!"

ரெஜினாவிடம் கொடுப்பதற்காகச் செபப்புத்தகத்தோடு சேர்த்துக் கொண்டுவந்திருந்த இரண்டாம் பாகத்தைத் தூக்கிக் காட்டினேன். பொலிஸ்காரர் அதை வாங்கி, 'கணிதப் பயிற்சி'யை வெறித்துப் பார்த்து, உள்ளே திறந்து, பலமாகத் தும்மினார்.

நான் அப்பாவின் பக்கம் பார்க்கவே இல்லை.

அன்னம்மா மெதுவாகக் கேட்டார். "அப்ப, தாய் செத்தது?"

"கதை, அம்மா."

"ரங்கூன்?"

"அதுவும் கதை."

"நான் இருந்த ஒருசந்தி?"

"அது… அது உண்மை, அம்மா."

அவர் என் கையை விட்டார். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்து போனார். எல்லோரும் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாதான் சொன்னார். "அது ஆர் தெரியுமோ? உன்னைப் பெண் கேட்டு வந்த மனுசி! இனி அந்தச் சம்பந்தம் கடலுக்குள்ள!" அம்மா ஒரு மூலையில் அழுதார். நான் இன்னொரு மூலையில். சேவியரை நான் கண்டதுகூட இல்லை. ஆனாலும் போன மாப்பிள்ளை எப்போதும் நல்ல மாப்பிள்ளைதானே! சுவாமியாரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் சிவந்து, "மகளே, நான் ஒரு கதாபாத்திரத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டேன்," என்றார். செட்டியாரம்மாவிடமும் போனேன். அவர் மட்டுந்தான் சிரித்தார். ஒரு ஜாடி ஊறுகாயும் தந்தார். தெருப்பிள்ளைகள் என்னைக் கண்டால், "செண்பகம், பால் குடிச்சாச்சோ?" என்று கத்தினார்கள். வீட்டில் நாவல் என்ற சொல்லே கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார்.

சில வாரங்கள் போயின. ஒரு சனிக்கிழமை பின்னேரம் சரசு மூச்சிரைக்க வந்தாள். மூன்றாம் பாகம் வந்துவிட்டது! வழக்கம்போலக் கடைசி அத்தியாயத்தை வரும் வழியிலேயே வாசித்து முடித்திருந்தாள். சொல்லாதே என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். செய்தி கேட்டு ரெஜினாவும் ஓடிவந்துவிட்டாள். அப்பா அதட்ட வாயெடுத்த நேரம், வாசலில் ஒரு வெள்ளைச் சேலை.

அன்னம்மா. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"நான் நாளைக்கு மன்னாருக்குப் போறன்," என்றார் என்னைப் பார்த்து. "அதுக்கு முந்தி ஒண்டு கேக்க வந்தனான். அந்தப் பெட்டை பாலைக் குடிச்சவளோ, இல்லையோ?"

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"என்ன பாக்கிறியள்? நான் அவளுக்காக ஒருசந்தி இருந்தனான். முடிவு தெரியாமல் என்னெண்டு போறது? எனக்குச் செபப்புத்தகத்தைத் தவிர வேற எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. நீ வாசி பிள்ளை."

வாசித்தேன். அப்பா பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டார். அம்மா அடுப்பை மறந்தார். ஆனால் அன்று எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் அன்னம்மாதான். செண்பகம் கிண்ணத்தை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனபோது, "வையடி கீழ!" என்று அலறினார். அவள் கீழே வைத்ததும், "அதுதான் செபம்!" என்று எங்களைப் பார்த்தார். சரசு சந்தேகப்பட்ட வேலைக்காரி நல்லவளாகிவிட்டாள். ரங்கூன் புருஷன் காய்ச்சலோடு வந்து சேர்ந்தான். ("நான் சொன்னனான்!" என்று ரெஜினா துள்ளினாள்.) கடைசியில் மாமியாரும் பாரிசவாதத்தில் விழ, செண்பகம் அவள் காலடியில் இருந்து, கஞ்சி ஊட்டி, எல்லாவற்றையும் மன்னித்தாள். சுபம்.

எனக்கு முந்தானை நனைந்துவிட்டது.

"சீ!" என்றாள் ரெஜினா.

"இதுக்கோ நான் பட்டினி கிடந்தனான்?" என்று அன்னம்மா சீறினார். "நஞ்சு வைச்சவளுக்குக் கஞ்சியோ? எழுதினவனுக்கு மூளை இருக்கோ?"

"மன்னிச்சதுதான் அம்மா அழகு!" என்றேன் நான். நான் யாரோடு வாதாடுகிறேன் என்பதே மறந்துபோயிற்று. "அவளின்ட குணம் அப்படி. அதுதான் அவள் செண்பகம்!"

"குணமோ? சரி, நீ சொல்லு. நீ என்ர வீட்டுக்கு வந்து, நான் உன்னை மேல் அறையில பூட்டினால், நீயும் பேசாமல் இருந்திட்டு எனக்குக் கஞ்சி ஊட்டுவியோ?"

"நானோ? கதவை உடைப்பன்!"

அப்பாவின் கையிலிருந்த பத்திரிகை கீழே விழுந்தது. அன்னம்மா கதிரையை இழுத்துப் போட்டு, அன்று முதல் தடவையாக உட்கார்ந்தார்.

"அப்ப சரி," என்றார் அப்பாவிடம். "பெட்டைக்குக் கதைக்கும் மெய்க்கும் வித்தியாசம் தெரியுது. நாளைக்கு மன்னார் இல்லை, மகனைக் கூட்டிக்கொண்டு வாறன்."

அப்படித்தான் எனக்குக் கல்யாணமானது. சேவியர் வாழ்நாளில் ஒரு நாவலையும் திறக்காதவர், அதிகம் பேசாதவர். மாமியோடு நான் எத்தனையோ நாவல்களுக்காகச் சண்டை பிடித்திருக்கிறேன். பின்னேரங்களில் நான் வாசிப்பேன், அவர் திட்டுவார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே மேல் அறைக்குக் கடைசிவரை பூட்டே போடவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் மாமி விடவில்லை. வீட்டில் செபமாலை முடிந்து ஆட்களின் பெயர் சொல்லி மன்றாடும்போது, சொந்தக்காரர்களின் பெயரெல்லாம் முடிந்த பிறகு, "செண்பகத்துக்காகவும்," என்று சேர்த்துக்கொள்வார். கதையோ மெய்யோ, தொடங்கின மன்றாட்டை இடையில் நிறுத்தக்கூடாது என்பது அவர் கட்சி.

விளைவாக, என் பிள்ளைகள் தங்களுக்குச் செண்பகம் மாமி என்று ஒருவர் இருப்பதாகவே நம்பி வளர்ந்தார்கள். மூத்தவள் பள்ளிக்கூடத்தில், தன் மாமியை யாரோ பூட்டிவைத்து நஞ்சு கொடுக்கப் பார்த்தார்கள் என்று சொல்ல, ஒரு கன்னியாஸ்திரி ஆறுதல் சொல்ல வீட்டுக்கே வந்துவிட்டார். அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன்.

"அந்த அம்மா இப்போது எங்கே இருக்கிறார்?" என்று அவர் பரிவோடு கேட்டார்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த சேவியர், தலையைக்கூட நிமிர்த்தாமல் பதில் சொன்னார்.

"மூன்றாம் பாகத்தில், சிஸ்டர்."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு மூக்குக்கண்ணாடியோ பூட்டுத் திறப்போ காணாமற்போய், எங்கே என்று யாராவது கேட்டால், பேரப்பிள்ளைகள்வரை எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் பதில் அதுதான்.